பொறுங்க அக்காவின் திருத்தம்

இடது கையின் கட்டைவிரல் ஸ்பேஸ் பாரில் இருந்தது. சுட்டுவிரலும் நடுவிரலும் படத்தை முன்னே பின்னே ஓட்டும் இரண்டு எழுத்துகளின் மேல், தொட்டும் தொடாமலும். வலது கையில் மவுஸ். படம் ஓடும், நிற்கும், ஒரு வெட்டு விழும், மறுபடி ஓடும். இருபது வெட்டுக்கு ஒருமுறை வலது கை மவுஸை விட்டுப் பேனாவை எடுத்து, பக்கத்தில் திறந்திருந்த நோட்டில் ஒரு கோடு போட்டது. நாலு கோடு சேர்ந்ததும் ஐந்தாவதைக் குறுக்கே இழுத்தது.

வெட்டுப்பட்டுக்கொண்டிருந்த படத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு பச்சை வாளியில் தண்ணீர் நிரம்புகிறது. சொந்தக் குளியலறையில் என்றோ எடுத்தது. எந்த எடிட்டிங் மென்பொருள் புதிதாக வந்தாலும் அந்த வாளியைத்தான் முதலில் அதில் போட்டு வெட்டிப் பார்ப்பது வழக்கம்.

"இன்னும் வாளி ரொம்பலையா?" என்று வாசலிலிருந்து வீட்டுக்காரர் கேட்டார். லிஃப்ட் மெக்கானிக். சட்டையில் கிரீஸ் இல்லாத இடம் காலர் மட்டும்தான்.

"இது மூணாவது நாள். இன்னும் நாலு நாள் இருக்கு."

"அடிப்பாவி, அதுக்குள்ள நான் ஒரு கிணறே ரொப்பியிருப்பேன்."

கல்யாண வீடியோ, குறும்படம், விளம்பரம் என்று எதையாவது வெட்டி ஒட்டிப் பிழைக்கிற பல ஆயிரம் பேருக்கு இவளைப் 'பொறுங்க அக்கா' என்றுதான் தெரியும். பதினான்கு வருடமாக இணையத்தில் ஒரு பக்கம் நடத்துகிறாள். எந்த மென்பொருளில் புதிய பதிப்பு வந்திருக்கிறது, அதில் எதைச் சேர்த்திருக்கிறார்கள், சேர்க்கிற சாக்கில் எதைக் கெடுத்திருக்கிறார்கள், காசில்லாமல் நல்ல பின்னணி ஒலிகள் எங்கே கிடைக்கும், எந்த எழுத்துருவில் தமிழ்த் தலைப்பு போட்டால் கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம் என்று சிதறாமல் வரும், எல்லாம் எழுதுவாள். புதிய பதிப்பு வந்த அன்றைக்கு மட்டும் இரண்டே வரி: 'வந்திருக்கிறது. பொறுங்க, ஏழு நாளில் சொல்கிறேன்.' அந்த வார்த்தையே பெயராகிவிட்டது. "கல்யாணத்துக்குக்கூட பொறுங்கன்னுதான் சொல்லியிருப்பாங்க" என்று யாரோ ஒருமுறை கீழே எழுதியிருந்தார்கள். வீட்டுக்காரர் அதைச் சத்தமாக வாசித்து, "சொன்னா. ரெண்டு வருஷம்" என்றார்.

அக்காவுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. இருபத்திரண்டு வயதில் வீடியோ கேசட் நகலெடுக்கும் கடை ஒன்றில் ரசீது எழுதச் சேர்ந்தாள். முதலாளி ஒரு மணிக்குச் சாப்பிடப் போனால் மூன்று மணிக்குத்தான் வருவார். அந்த இரண்டு மணி நேரத்தில் எடிட்டிங் மேசை சும்மா இருக்கும். ஒரு நாளைக்கு ஒரு பட்டன் என்று கணக்கு வைத்துக்கொண்டு அழுத்திப் பார்த்தாள். என்ன நடந்தது, எதை அழுத்தியதும் பழையபடி ஆனது என்று நோட்டில் எழுதினாள். கணினி வந்த பிறகு உதவிப் பக்கங்களை அகராதி வைத்துப் படித்து, புரிந்ததைத் தமிழில் அதே நோட்டில் எழுதினாள். ஏழு நோட்டு ஆனபோது, தன்னைப்போலக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இன்னும் எத்தனை பேர் இருப்பார்கள் என்று தோன்றியது. அப்படி ஆரம்பித்ததுதான் அந்தப் பக்கம்.

பிழைப்புக்குப் பள்ளி ஆண்டுவிழா, கம்பெனி விழா என்று வெட்டிக்கொடுத்தாள். பக்கத்தால் ஒரு பைசா வரவில்லை. ஆனால் எங்கோ ஒரு ஊரில் யாரோ ஒருவர் அவசரப்பட்டு ஒன்றை நிறுவி, பாதியில் நிற்கும் கல்யாணப் படத்தைத் திறக்க முடியாமல் தலையில் கை வைத்து உட்காராமல் தான் தடுத்திருக்கிறோம் என்பது அவளுக்கு ஒரு பெருமை. வெளியே சொல்லாத பெருமை. வீட்டுக்காரருக்குத் தெரியும். கேலிக்கு அதுதான் அவருக்குக் கைவசம் இருந்த சரக்கு. "ஊருக்கெல்லாம் பலன் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில விழுந்துச்சாம் துள்ளி. நீயும் பார்த்து நட."

இப்போது வாளியை வைத்து வெட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பதிப்பில் ஒரு புதிய பட்டன் இருந்தது. வேலைக்குத் தேவைப்படாத படங்களை அதுவே கண்டுபிடித்து டிஸ்கிலிருந்து நீக்கி இடம் தரும். கல்யாணம் எடுக்கிறவர்களுக்கு இடப் பற்றாக்குறை தீராத தலைவலி. ஒரு கல்யாணத்துக்கு ஆறு மணி நேரப் படம் எடுத்தால் இரண்டு மணி நேரம்தான் தேறும். மீதியை வைத்துக்கொள்ளவும் முடியாது, ஒவ்வொன்றாகப் பார்த்து அழிக்கவும் நேரமிருக்காது. பக்கத்தில் கேள்விகள் குவிந்தன. "அக்கா, டிஸ்க் வழியுது, சீக்கிரம் சொல்லுங்க." "அக்கா இன்னும் பொறுங்கன்னா நான் புது டிஸ்க் வாங்கணும், நீங்க வாங்கித் தருவீங்களா?" வேறொருவர் ஏற்கெனவே அழுத்திப் பார்த்துப் பிரமாதம் என்று வீடியோ போட்டுவிட்டார்.

மூன்றாவது நாள் மாலை அக்கா எழுதிவிட்டாள். வாளியிலும் தன்னுடைய இரண்டு பழைய வேலைகளிலும் அழுத்திப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. தேவையில்லாததை அது அழித்தது, தேவையானதைத் தொடவில்லை. 'அழுத்தலாம். பயமில்லை' என்று முடித்தாள்.

அவளுடைய வேலைகளில் அது சரியாகத்தான் இருக்கும். அக்கா சுத்தக்காரி. வெட்டப் போகும் படங்களை மட்டும்தான் உள்ளே எடுப்பாள், எடுத்த அன்றே டைம்லைனில், அதாவது வெட்டி அடுக்கும் வரிசையில், வைத்துவிடுவாள். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓரத்தில் எதையும் போட்டுவைக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு உண்டு என்பது அன்றைக்கு அவளுக்கு நினைவுக்கு வரவில்லை.

ஒன்பது நாள் கழித்து, காலை பத்து மணிக்கு, பக்கத்தின் அடியில் ஒரு வரி வந்திருந்தது. 'அக்கா, நீங்க சொன்னீங்கன்னு அழுத்தினேன். என் நம்பர் கீழே இருக்கு. கொஞ்சம் கூப்பிடுங்க.'

கூப்பிட்டாள். கல்யாண வீடியோ எடுக்கிறவர். மூன்று மணி நேரப் பஸ் தூரத்தில் ஒரு ஊர்.

"எத்தனை போச்சு?"

"நூத்தி எண்பத்தாறு துண்டுக்கா."

"எந்தக் கல்யாணம்?"

"கல்யாணம் இல்லக்கா. என் சம்சாரம்."

அவர் மெதுவாகச் சொன்னார். பதினைந்து வருடம் இருவரும் சேர்ந்துதான் வேலைக்குப் போனார்கள். அவர் கேமரா, மனைவி விளக்கு. ஒவ்வொரு இடத்திலும் வெளிச்சம் மாறும்; மண்டபத்து விளக்கில் எல்லாம் மஞ்சளாகத் தெரியும், வெளியே வந்தால் நீலம் ஏறும். அதனால் எடுக்க ஆரம்பிக்கும் முன் ஒரு வெள்ளைத்தாளைக் கேமராவுக்கு முன்னால் பிடித்து, இதுதான் வெள்ளை என்று அதற்குக் காட்ட வேண்டும். அந்தத் தாளைப் பிடித்தது மனைவி. நெஞ்சுக்கு நேராகத் தாள், அதற்கு மேலே முகம். ஆறேழு வினாடி. கேமராவை எப்போதும் ஓடவிட்டுவிட்டுத்தான் அவர் இதைச் செய்வார், அதனால் அதுவும் பதிவாகும். எடிட்டிங்கில் முதல் வெட்டிலேயே தூக்கிப்போடுகிற துண்டு.

மனைவி போய் எட்டு மாதம். மகள் ஒருநாள் கேட்டாள்: "ஊர்ல எல்லார் வீட்டு வீடியோவும் நம்ம வீட்ல இருக்கு. அம்மா மட்டும் எதுலயும் இல்லையேப்பா." அப்போதுதான் அவருக்கு வெள்ளைத்தாள் ஞாபகம் வந்தது. பழைய டிஸ்குகளையெல்லாம் இறக்கி, மூன்று மாதம் தேடி, நூற்று எண்பத்தாறு துண்டுகளை ஒரே டிஸ்குக்கு மாற்றினார். பழைய டிஸ்குகளை அடுத்த வேலைகளுக்கு அழித்துப் பயன்படுத்திக்கொண்டார். நடப்பு வேலையிலேயே ஒரு தனி ஃபோல்டரில் அதை வைத்திருந்தார். வெட்டி அடுக்கத்தான் மனம் வரவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டார். அடுக்காத எதுவும் அந்தப் பட்டனுக்குத் தேவையில்லாததுதான்.

"குப்பைக் கூடையில பார்த்தீங்களா?"

"அங்க போகலக்கா. நேரா அழிச்சிடுச்சு."

"அதுக்கப்புறம் அந்த டிஸ்க்ல எதையாவது ஏத்தினீங்களா?"

"இடம் கிடைச்சுதேன்னு ரெண்டு கல்யாணத்த ஏத்திட்டேன்."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். அழிந்தது அழிந்த இடத்தில் கொஞ்ச நாள் கிடக்கும், மீட்கலாம். அதன் மேலேயே புதிதாக எழுதிவிட்டால் மீட்க முடியாது.

"உங்களைக் குறை சொல்லக் கூப்பிடலக்கா" என்றார் அவர். "வேற யாரைக் கேக்கிறதுன்னு தெரியல."

மறுநாள் டிஸ்கோடு வந்தார். கணினியையும் ஒரு போர்வையில் சுற்றி, குழந்தையைத் தூக்கிவருவதுபோலத் தூக்கி வந்திருந்தார். வீட்டுக்காரர் அன்றைக்கு லீவு போட்டுவிட்டு அவருக்கு நாற்காலி எடுத்துப்போட்டார். பல்லிப் பழமொழியை அன்றைக்கும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொன்னதில்லை.

மீட்கும் மென்பொருள்கள் அக்காவிடம் நான்கு இருந்தன. நான்கையும் பற்றி அவள் எழுதியிருக்கிறாள். ஒவ்வொன்றாக ஓட்டினாள். ஐந்து நாள் ஆயிற்று. வந்தவை நான்கு துண்டுகள். ஒவ்வொன்றும் ஒரு வினாடிக்கும் குறைவு. ஒன்றில் நெற்றியும் கண்ணும், அதற்குக் கீழே யார் வீட்டுப் பந்தலோ.

ஆறாவது நாள் பக்கத்தைத் திறந்தாள்.

"எடுத்துடேன் அந்தக் கட்டுரைய" என்றார் வீட்டுக்காரர்.

"எடுத்தா, அதைப் படிச்சிட்டு அழுத்தப்போறவங்களுக்கு யார் சொல்றது?"

"எழுதாம இருந்திருக்கலாம்."

"ஆமா."

வீட்டுக்காரர் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். "நான் சரி பண்ண லிஃப்ட்ல முதல்ல நான்தான் ஏறுவேன். ஆனா நான் எண்பது கிலோ. எட்டுப் பேர் ஏறினா என்ன ஆகும்னு அப்பவும் தெரியாது" என்றார். ஆறுதலாகச் சொன்னாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

தன் கட்டுரையின் எல்லா வரிகளின் மேலும் குறுக்குக் கோடு போட்டாள், படிக்க முடிகிற மாதிரி. அதற்கு மேலே எழுதினாள்: 'இது தவறு. ஏழு நாள் சோதிக்கவில்லை, மூன்று நாள்தான் சோதித்தேன். என் கோப்புகளில் மட்டும் சோதித்தேன். வரிசையில் அடுக்காத எல்லாவற்றையும் இந்தப் பட்டன் திரும்பக் கிடைக்காதபடி அழிக்கிறது. அழுத்த வேண்டாம். என்னை நம்பி ஒருவர் அழுத்தி இழந்தது இழந்ததுதான்.'

பதில்கள் வந்தன. நன்றி என்று பலர். 'இனிமே மூணு நாள் அக்கான்னு கூப்பிடலாமா' என்று ஒருவர். அதையும் அவள் நீக்கவில்லை.

அவர் விட்டுப்போயிருந்த கணினியில் அந்தத் துண்டுகளின் ஒலி இருந்தது என்பது அதற்கு அடுத்த வாரம்தான் தெரிந்தது. அந்த மென்பொருள் எந்தப் படத்தை முதன்முதலாகத் திறந்தாலும், அதன் ஒலியை மட்டும் தனியே பிரித்துத் தன் வசதிக்காக ஒரு மூலையில் வைத்துக்கொள்ளும். வேறு டிஸ்கில். பட்டன் அந்த மூலைக்குப் போகவில்லை. எண்ணும் எழுத்துமாய்ப் பொருளில்லாத பெயர்களோடு ஆயிரக்கணக்கான ஒலிகள் கிடந்தன. அக்கா பத்து வினாடிக்குக் குறைந்தவற்றைப் பிரித்தெடுத்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதலாவதைத் திறந்தாள்.

மண்டபத்து எதிரொலி. நாற்காலி இழுக்கிற சத்தம். மிக அருகில் ஒரு பெண் குரல்: "என் மூஞ்சிய என்ன பார்க்கிறீங்க, தாளைப் பாருங்க."

போன் போட்டு அதை அவருக்குக் கேட்கவைத்தாள். "இன்னொருக்கா போடுங்கக்கா" என்றார்.

நூற்று எண்பத்தாறும் கிடைத்துவிட்டன. படம்தான் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தபோது தயங்கித் தயங்கிக் கேட்டார்: "போட்டோவையும் குரலையும் கொடுத்தா ஆளையே பேச வைக்குதாமே அக்கா. நீங்ககூடப் போன மாசம் எழுதியிருந்தீங்க."

எழுதியிருந்தாள். அதை ஏழு நாள் சோதித்திருந்தாள். அடையாள அட்டைக்கு எடுத்த படத்தை அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அக்கா ஒரு துண்டு மட்டும் செய்தாள். உதடுகள் குரலோடு இம்மி பிசகாமல் அசைந்தன. கண் இமைத்தது. பேசி முடித்ததும் முகம் இதமாகச் சிரித்தது.

அவர் திரையருகே குனிந்து பார்த்தார். "யாருக்கா இது?"

அக்கா முதலிலிருந்து இன்னொருமுறை ஓடவிட்டாள்.

"தாள் பிடிக்கிறப்ப அவ சிரிக்க மாட்டா. எப்ப முடியும்னு முறைச்சுக்கிட்டு இருப்பா." நிமிர்ந்தார். "வேணாங்கா."

அக்கா அதை அவர் கண்முன்னாலேயே அழித்தாள்.

பிறகு அடுக்குகிற வேலை. எந்த ஒலிக்கும் தேதி இல்லை. காதால்தான் வரிசை கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. சிலவற்றில் ஒரு குழந்தை அழுதது. சிலவற்றில் மழலையில், "அம்மா, நானும் பிடிக்கிறேன்." சிலவற்றில் அதே குரல் வளர்ந்து, "பசிக்குதும்மா, எப்பதான் போறது?" மகளின் வயதை வைத்து முதல் பதின்மூன்று வருடத்தை அக்கா ஒழுங்குபடுத்திவிட்டாள். மகள் பெரியவளாகி உடன் வருவதை நிறுத்திய பிறகு அந்தத் துணை இல்லை. "கை வலிக்குது, எடுத்துத் தொலைங்க" என்பதும் "போதுமா?" என்பதும் எல்லா வருடமும் ஒன்றுபோலவே இருந்தன. நாலைந்து தடவை கேட்ட பிறகு அவளுக்கு மூச்சு காதில் பட்டது. சில துண்டுகளில் 'போதுமா' ஒரே மூச்சில் வந்தது. சிலவற்றில் அதற்கு முன்னால் ஒரு மூச்சு வாங்கல். சிலவற்றில் நடுவில். அந்த அடையாளத்தில் கடைசி இரண்டு வருடத்தை அடுக்கினாள். அடுக்குவதற்காக அந்த மூச்சுகளைத் திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டியிருந்தது. மதியங்களில் ஹெட்போனைக் கழற்றிவிட்டுப் போய்க் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். அடுக்கி முடித்ததை அவரிடம் காட்டியபோது இரண்டே இடத்தில் மாற்றச் சொன்னார். கடைசித் துண்டைக் கேட்டுவிட்டு, "சரியா வச்சிருக்கீங்க. அன்னைக்கு நாற்காலியில உக்காந்துதான் பிடிச்சா" என்றார்.

திரையில் எதை வைப்பது என்று அக்கா பல நாள் யோசித்தாள். கறுப்பு வைத்துப் பார்த்தாள். ஏதோ கெட்டுப்போன படம் மாதிரி இருந்தது. பூ, வானம் என்று இலவசமாகக் கிடைக்கிற படங்கள் அவள் பக்கத்திலேயே நூறு உண்டு. எதுவும் ஒட்டவில்லை. கடைசியில் அன்றைக்குக் கேமரா எதைப் பார்த்ததோ அதையே வைத்தாள். மண்டப எதிரொலி கேட்டால் மஞ்சளேறிய வெள்ளை. காற்றும் வண்டிச் சத்தமும் கேட்டால் நீலம் கலந்த வெள்ளை. ஆறேழு வினாடிக்குள் நிறம் மெல்லத் தெளிந்து சுத்த வெள்ளையாகும், கேமராவுக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும். நூற்று எண்பத்தாறுக்கும் தனித்தனியாக நிறம் வைத்தாள். மீண்டு வந்த நான்கு துண்டுகளை அவற்றின் இடத்தில் பொருத்தினாள். வெள்ளைக்கு நடுவே ஒரு நெற்றி, ஒரு கண் வந்து உடனே மறைந்தது.

வாங்கிப்போக அவர் வந்த அன்று மகளும் வந்தாள். பதினேழு வயது. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, பையை மடியிலிருந்து இறக்கவேயில்லை. அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. பட்டன், கட்டுரை, குறுக்குக் கோடு, எல்லாம். அக்காவை நேராகப் பார்க்கவில்லை.

"இங்கேயே ஒருதடவை போட்டுப் பார்க்கிறீங்களா?" என்று அக்கா கேட்டாள்.

அவர் மகளைப் பார்த்தார். மகள் தலையை அசைத்து வேண்டாம் என்றாள். "வீட்ல பார்த்துக்கிறோம்."

"சரிம்மா."

"அம்மா முகம் இருக்கா?"

"நாலு இடத்துல. கண்ண மூடித் திறக்கிற நேரம்தான் தெரியும். பாதிப் பாதியா."

"மீதியெல்லாம்?"

"குரல். நீயும் இருக்க அதுல, சின்னப் புள்ளையா."

அவள் பையின் பட்டையைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். "மொத்தம் எவ்வளவு நேரம்?"

"இருபத்தொரு நிமிஷம்."

"பதினஞ்சு வருஷம் கூடவே போனாங்க." இப்போதுதான் அக்காவை நிமிர்ந்து பார்த்தாள். "இருபத்தொரு நிமிஷம்தானா?"

"அவ்வளவுதாம்மா இருந்துச்சு."

அக்கா கேபிளைக் கழற்றினாள். டிஸ்க் இன்னும் சூடாக இருந்தது. அதை உறைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். அவர் கையை நீட்டினார். அதற்குள் பெண் எழுந்து வந்து, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.